செய்யாமல் இருக்கப் பதினோரு கையெழுத்து

என் பேரு அபிதகுசாம்பாள். ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர்ல பேருக்கு இங்கிலீஷ்ல எட்டு எழுத்துக்கு மேல இடம் இல்லையாம். அதனால அங்க நான் அபிதகு. கவுன்டர்ல இருக்கற பொண்ணு மைக்குல "அபிதகு, அபிதகு"ன்னு கூவும்போது யாரோ வடநாட்டுக்காரங்களைக் கூப்பிடறாங்கன்னு நான் பாட்டுக்குக் குந்திகினு இருந்தேன். மூணு தடவை கூப்பிட்டுட்டு, ஆள் வரலைன்னு எழுதிட்டாங்க. அந்த இடத்துல மொதல்ல குறைச்சது என் பேரைத்தான்.

அந்த இடம், ஆரணிக்கு வெளிய வேலூர் ரோட்டுல இருக்கற டாக்டர் தசரதன் மார்பக நல மையம். உள்ள நுழைஞ்சதும் ஆளுயரத்துக்கு ஒரு பேனர். "தேவையற்ற சிகிச்சையைக் குறைப்பதில் மாவட்டத்தில் முதலிடம்." கீழே டாக்டர் தசரதன் ரெண்டு கையையும் விரிச்சுகினு சிரிக்கிறாரு. கையில ஒண்ணும் இல்லன்னு காட்டறாராம்.

எனக்கு வயசு அம்பத்தாறு. முள்ளிப்பட்டுல வீட்டுலயே ரெண்டு தறி. ஒண்ணு எனக்கு, ஒண்ணு எங்க வீட்டுக்காரரு கமலக்கண்ணனுக்கு. எடது கை பலகையைத் தள்ளும், வலது கை கயிறை இழுக்கும், நூல் வெச்ச நாடா அந்தாண்ட இந்தாண்ட ஓடும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை இழுப்பேன்னு எண்ணினதே இல்ல. எத்தனை மூச்சு விட்டோம்னு யாராவது எண்ணுவாங்களா? வலது கை எனக்கு அப்படி.

எங்க தறியில ஒரு வழக்கம் இருக்குது. தறியில நீளவாக்குல ஓடற பாவு நூல்ல எந்த இடத்துல கத்தரி படக் கூடாதோ அந்த இடத்துல சிவப்புச் சாயத்தால ரெண்டு கோடு போட்டு வெப்போம். ரெண்டு கோட்டைப் பார்த்துட்டா எங்க தெருவுல எவனும் கத்தரியை அந்தப் பக்கம் கொண்டாற மாட்டான். இதை எதுக்கு இப்பவே சொல்றேன்னா, பின்னால சொன்னா எனக்கு அழுகை வந்துடும்.

கல்யாண மண்டபத்துல முகாம் போட்டாங்க, களம்பூர்ல கட்டிக் குடுத்த எங்க பொண்ணு லாவண்யா இழுத்துகினு போனா, வலது மார்புல சின்னதா ஒரு கட்டி இருக்குதுன்னாங்க. ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்து, அதுதான்னு சொல்லிட்டாங்க. அன்னிக்கு ராத்திரி சோறு இறங்கல. மறுநாள் காலையிலேயே பஸ் ஏறி மையத்துக்கு வந்துட்டோம். கவுன்டர்ல ஒரு தாளை நீட்டி, "எதுக்கும் இருக்கட்டும், கையெழுத்து போடுங்கம்மா"ன்னாங்க. போட்டேன். அது முழு ஆபரேஷனுக்குச் சம்மதம்னு பின்னால தெரிஞ்சது. அந்த இடத்துல நான் போட்ட கையெழுத்துலயே ரொம்ப ஜல்தியா முடிஞ்சது அதுதான்.

உள்ள டாக்டர் சிவசங்கரின்னு ஒரு சின்ன வயசுப் பொண்ணு. நாற்காலியை எம்பக்கத்துல இழுத்துப் போட்டுகினு பேசிச்சு.

"அம்மா, கட்டி ரொம்பச் சின்னது. ஸ்கேன்ல அக்குள் சுத்தமா இருக்கு. உங்க வயசுக்கும் உங்களுக்கு வந்திருக்கற கட்டி வகைக்கும், அதை மட்டும் எடுத்தா போதும். அப்புறம் அஞ்சு நாள் கரண்ட் வெப்போம், மாத்திரை சாப்பிடணும். அக்குள்ல கை வைக்க வேணாம்."

"அக்குள்ல இன்னா இருக்குது?"

"முடிச்சு முடிச்சா இருக்கும்மா. நோய் பரவினா மொதல்ல அங்கதான் போகும். முன்னாடியெல்லாம் எல்லாருக்கும் அதை மொத்தமா வழிச்சு எடுத்துடுவாங்க. எடுத்தா சில பேருக்குக் கை வீங்கிடும், தோள் இறுகிடும். உங்களுக்கு அது தேவையே இல்ல."

"கயிறு இழுக்கலாமா?"

"புண்ணு ஆறினதும் தாராளமா இழுக்கலாம்."

மவராசி நல்லா இருக்கணும்னு மனசார வாழ்த்தினேன். எங்க வீட்டுக்காரரு கண்ணைத் தொடைச்சுகினாரு. அவ்ளோதானேன்னு எழுந்திரிச்சோம். அந்தப் பொண்ணு முகம் மாறிச்சு. "நான் மட்டும் எழுதினா பத்தாதும்மா. வேணாம்னு சொல்றதுக்குத் தனிப் பிரிவு இருக்கு. மாடியில, ராஜேஷ்னு ஒருத்தரு. பாருங்க."

மாடியில நாலு ரூம்பு. கதவுல தங்க எழுத்துல "தேவையற்ற சிகிச்சைக் குறைப்புப் பிரிவு". உள்ள ஏசி, சோபா, மீன் தொட்டி. கீழே ஆபரேஷனுக்குக் காத்துகினு இருக்கறவங்க தரையில குந்தியிருந்தாங்க. ராஜேஷுக்கு முப்பது வயசு இருக்கும். கழுத்துல மூணு அட்டை தொங்குது. எங்களை உக்கார வெச்சு ஒரு புத்தகத்தை எடுத்து முன்னால வெச்சாரு. புத்தகம்னு நான் நெனைச்சேன். அது ஃபாரமாம்.

"பத்தொம்பது பக்கம்தாம்மா. பதினோரு கையெழுத்து."

"அக்குளை எடுக்கறதுக்கா?"

"இல்லம்மா. எடுக்காம இருக்கறதுக்கு."

"எடுக்கணும்னா?"

"அதுக்கு ஒண்ணுதான். அதை நீங்க கீழேயே போட்டுட்டீங்க." பெருமையா சிரிச்சாரு. "ஒரு விஷயத்தைச் செய்யறது சுலபம்மா. செய்யாம இருக்கறதுதான் விஞ்ஞானம்."

எங்க வீட்டுக்காரரு அப்பாவி. "அப்ப செய்யாம இருக்கறதுக்கு எவ்ளோ நாள் ஆவும்?"ன்னாரு.

"ஆறு வாரம். செய்யறதா இருந்தா நாளன்னிக்கே செஞ்சிடலாம்."

பதினோரு கையெழுத்தும் பதினோரு பேர்கிட்ட வாங்கணும். மயக்க டாக்டர் போடணும், எனக்குக் குடுக்காத மயக்கம் எனக்கு ஒத்துக்கும்னு. இதய டாக்டர் போடணும், செய்யாத ஆபரேஷனை என் நெஞ்சு தாங்கும்னு. பல் டாக்டர் கூட ஒருத்தரு இருந்தாரு. அவரு எதுக்குன்னு கேட்டேன். "கமிட்டியில பதினோரு இடம் இருந்திச்சும்மா, பத்து பேருதான் கெடைச்சாங்க"ன்னு அவரே சொன்னாரு. நல்ல மனுஷன். என் கடவாப் பல்லைப் பார்த்துட்டு, அக்குளை எடுக்க வேணாம்னு எழுதிக் குடுத்தாரு.

அப்புறம் டெஸ்டு. ரத்தம் நாலு தடவை. எக்ஸ்ரே. எக்கோ. தலையிலேர்ந்து கால் வரைக்கும் ஒரு ஸ்கேன். அது முடிஞ்சதும் இன்னொரு ஸ்கேன். இது எதுக்குப்பான்னு ராஜேஷைக் கேட்டேன்.

"மொதல்ல எடுத்தது தேவைதானான்னு பார்க்கறதுக்கும்மா. தேவையில்லாத டெஸ்டு ஒண்ணு கூட இங்க எடுக்க மாட்டோம். அதை உறுதிப்படுத்தாம விட மாட்டோம்."

மனசு டாக்டர்னு ஒருத்தங்க. என்னைத் தனி ரூம்புல உக்கார வெச்சு, "உங்க முடிச்சுங்களை எடுக்காம விட்டுட்டாங்களேன்னு பின்னால வருத்தப்படுவீங்களா? ஒண்ணுலேர்ந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்க"ன்னாங்க.

"இருக்கறது இருந்தா எதுக்கும்மா வருத்தப்படப் போறேன்?"

"நம்பர் சொல்லுங்கம்மா."

"பூஜ்யம்."

"பூஜ்யம் கட்டத்துல இல்ல."

ஒண்ணுன்னு சொன்னேன். 'லேசான வருத்தம் உண்டு'ன்னு எழுதி, இன்னும் ரெண்டு தடவை வரச் சொன்னாங்க. முள்ளிப்பட்டுலேர்ந்து அந்த ஆறு வாரத்துல எத்தனை நாள் வந்து போயிருப்போம்னு பஸ் கண்டக்டரைக் கேட்டாத்தான் தெரியும். தறியில பாவு அப்படியே கெடந்துச்சு. கட்டி உள்ள வளருதோன்னு பயம் வேற. ராத்திரி ஆனா கை தானா அங்க போயி தடவிப் பார்க்கும். பெரிய பேஜாரு. எடுத்துக்கோங்கடா சாமின்னு சொல்லிட்டு வந்துடலாமான்னு ஒரு நாள் படியில குந்தி அழுதேன். அப்படிச் சொல்லிட்டுப் போனவங்க நெறைய பேருன்னு பக்கத்துல தேவிகாபுரத்துலேர்ந்து வந்த கற்பகம்னு ஒரு அம்மா சொன்னாங்க. அவங்களே மூணாவது கையெழுத்தோட முடியலன்னு கீழ போயி எடுத்துகினவங்கதான். வீங்கின கையில இறுக்கமா ஒரு உறை மாட்டியிருந்தாங்க. அந்தக் கையைப் பார்த்தேன். நாலாவது கையெழுத்துக்குப் போயிட்டேன்.

பதினோராவது கையெழுத்து டாக்டர் தசரதனோடது. அவரு ரூம்புல போட மாட்டாரு, மேடையிலதான் போடுவாரு. குறைப்பு வாரத் தொடக்க விழா. பந்தல், மாலை, கேமரா. நாங்க எட்டு பொம்பளைங்க வரிசையா நாற்காலியில. டாக்டருக்கு அறுவது வயசுக்கு மேல. கம்பீரமான ஆளு, நல்ல கொரலு.

"தாய்மார்களே! முப்பது வருஷமா நான் வந்த எல்லாருக்கும் அக்குளை எடுத்தேன். ஒருத்தர், ஒரே ஒருத்தர், ஏன்னு என்னைக் கேட்டதில்ல. அதுலேர்ந்தே தெரியலையா, எம்மேல எவ்ளோ நம்பிக்கைன்னு? இப்ப உலகமே சொல்லுது, வேணாத இடத்துல எடுக்காதேன்னு. உடனே நான் எடுக்காத பக்கம் வந்துட்டேன். எடுத்ததுலயும் நான்தான் முதல், எடுக்காததுலயும் நான்தான் முதல்! ஒண்ணும் செய்யாம இருக்கறதுக்கு இங்க நாப்பது பேர் ராப்பகலா வேலை செய்யறாங்க. இந்த வருஷம் நூறு பேருக்குக் குறைக்கணும்னு இலக்கு வெச்சிருக்கேன். நூறு வர்ற வரைக்கும் ஒருத்தரையும் விட மாட்டேன்!"

எல்லாரும் கை தட்டினாங்க. நானும் தட்டினேன். வலது கை இருந்த தைரியம்.

அப்புறம்தான் கயிறு. தட்டுல வெச்சு ராஜேஷ் எடுத்துகினு வந்தாரு. பச்சைக் கயிறு. "பட்டு நகரமான ஆரணியின் பெருமையைப் போற்றும் வகையில்"னு மைக்குல படிச்சாங்க. டாக்டர் தசரதனே ஒவ்வொருத்தர் வலது மணிக்கட்டுலயும் கட்டினாரு. பச்சைக் கயிறு இருந்தா அக்குளைத் தொடக் கூடாது. இல்லன்னா முழுசா எடுக்கணும். இதுதான் சட்டம். எனக்குக் கட்டும்போது ரெண்டு தடவை கட்டினாரு. மொதல் தடவை போட்டோ சரியா விழலையாம்.

எங்க வீட்டுக்காரரு வீட்டுக்கு வந்ததும் கயிறோட நுனியில ஒரு இழை உருவி நெருப்புல காட்டினாரு. பட்டுன்னா முடி கருகற வாசனை வரும், பொடியா உதிரும். இது உருகி உருண்டையாச்சு. நைலானு. மறுநாள் ராஜேஷ்கிட்ட, "தம்பி, இது பட்டு இல்லப்பா"ன்னேன்.

"உணர்வு பட்டுதானேம்மா."

"அது போவட்டும். அக்குளைத் தொடாதேன்னு காகிதத்துல எழுதி உள்ள வெக்க மாட்டீங்களா?"

"காகிதம் ஆபரேஷன் ரூம்புக்குள்ள வரக் கூடாதும்மா. கிருமி."

"கம்ப்யூட்டர்ல?"

"கம்ப்யூட்டர்ல செஞ்சதுக்குத்தான் கட்டம் இருக்கு. செய்யாததுக்குக் கட்டம் இல்ல. எழுதிக் கேட்டிருக்கோம். கவலைப்படாதீங்க, அதுக்குத்தானே கயிறு!"

ஆபரேஷனுக்கு மொத நாள் சாயங்காலம் வார்டுல சேர்த்தாங்க. அங்க எழிலரசின்னு ஒரு நர்ஸ். தங்கமான பொண்ணு. எத்தனை மணிக்கு மேல சாப்பிடக் கூடாது, எத்தனை மணிக்குக் குளிக்கணும், எல்லாம் சொல்லிட்டு கடைசியா, "காலையில தாலி, மெட்டி, வளையல், கயிறு எல்லாம் கழட்டிடணும்மா. கழட்ட முடியாத கயிறை நான் வெட்டிடுவேன். தியேட்டருக்குள்ள உடம்புல ஒரு நூல் இருக்கக் கூடாது"ன்னுச்சு.

வலது மணிக்கட்டைப் பொத்திகினேன். "இந்தப் பச்சைக் கயிறு?"

"எல்லாக் கயிறும்தாம்மா."

"இது உங்க பெரிய டாக்டர் கட்டினது. இது இல்லன்னா முழுசா எடுத்துடுவாங்களாம்!"

எழிலரசி என் மணிக்கட்டைப் பார்த்துச்சு. "அது மாடி உத்தரவு. இது தியேட்டர் உத்தரவு. ரெண்டும் ஒண்ணையொண்ணு பார்த்ததில்லம்மா. நான் வெட்டலன்னா என் வேலை போயிடும்." உடனே ராஜேஷுக்குப் போன் போட்டுச்சு. அவரு எடுக்கல, மணிச் சத்தத்துக்குப் பதிலா பெரிய டாக்டர் கொரலு: "தேவையற்ற சிகிச்சையைத் தவிர்ப்போம், தரமான வாழ்வைப் பெறுவோம்." மூணு தடவை அதையே சொல்லிட்டு கட்டாச்சு. டாக்டர் சிவசங்கரிக்குப் போட்டுச்சு. அணைச்சு வெச்சிருக்காங்க. அவங்களையும் ராஜேஷையும் சென்னையில ஏதோ மாநாட்டுக்கு அனுப்பிட்டாங்களாம். தேவையில்லாத ஆபரேஷனை எப்படித் தடுக்கறதுன்னு பேசறதுக்கு. மறுநாள் கத்தி புடிக்கப் போறது பெரிய டாக்டரே.

"பெரிய டாக்டர்கிட்ட போயி சொல்றேன்"னு எங்க வீட்டுக்காரரு கெளம்புனாரு. கீழே செக்யூரிட்டி, நோயாளியைச் சேர்ந்தவங்க டாக்டரைப் பார்க்கணும்னா குறைப்புப் பிரிவுல டோக்கன் வாங்கணும்னு சொல்லிட்டான். அதை மூடிட்டு சென்னைக்குப் போயிட்டாங்க.

திரும்பி வந்து என் கையில இருந்த கயிறைத் தொட்டுப் பார்த்தாரு. அப்புறம், "அபிதா, நான் வீட்டுக்குப் போயிட்டு வந்துடறேன்"னு ஓடினாரு. எட்டு மணி பஸ்ஸுல வந்தாரு. கையில ஒரு டப்பா. சிவப்புச் சாயம்.

எனக்கு அவரு சொல்லாமயே புரிஞ்சிடுச்சு. கையைத் தூக்கினேன். திரையை இழுத்துவிட்டுட்டு, பாவுக்குப் போடற மாதிரியே, குச்சியில சாயத்தைத் தொட்டு, அக்குள்ல ரெண்டு கோடு போட்டாரு. நேரா, ஒரு விரல்கடை இடைவெளி விட்டு. நாப்பது வருஷமா போடற கோடு. "கழுவினாலும் போகாதுடி. எங்கண்ணன் காய்ச்சின சாயம்"னாரு. அன்னிக்குத்தான் ஆறு வாரத்துல மொத தடவையா நிம்மதியா தூங்கினேன்.

காலையில எழிலரசி மருந்துத் தண்ணியால தேய்ச்சுப் பார்த்துச்சு. போகல. "இது என்னம்மா?"

"அங்க கத்தி படக் கூடாதுன்னு குறி."

"நல்ல வேலை செஞ்சீங்க"ன்னு சொல்லிட்டு, கத்தரியை எடுத்துப் பச்சைக் கயிறையும் அம்மன் கோயில் கயிறையும் வெட்டிச்சு. தாலி, மெட்டி, ரெண்டு கயிறு, எல்லாத்தையும் ஒரு பிளாஸ்டிக் கவருல போட்டு எங்க வீட்டுக்காரரு கையில குடுத்து கையெழுத்து வாங்கிச்சு. தியேட்டர் வாசல் வரைக்கும்தான் அது வரலாம். வாசல்ல நின்னுகினு உள்ள இருந்த ஆளுகிட்ட, "அக்குள்ல குறி இருக்கு, பெரிய டாக்டர்கிட்ட மறக்காம சொல்லிடுங்கண்ணா"ன்னுச்சு. பாவம், எதுக்குப் போட்ட குறின்னு சொல்லாம விட்டுடுச்சு.

உள்ள ஒரே குளிரு. எல்லாரும் பச்சைத் துணியில, கண்ணு மட்டும் தெரியுது. ஊசி ஏத்திட்டாங்க. யாரோ ஒரு அட்டையைப் பார்த்துச் சத்தமா படிக்கிறாங்க.

"பேரு?"

"அபிதகு."

"பக்கம்?"

"வலது."

"கயிறு?"

"இல்ல சார்."

"குறி?"

"இருக்கு சார். அக்குள்ல. சிவப்பா ரெண்டு கோடு."

"சபாஷ்! இப்படித்தான் இருக்கணும்." அந்தக் கம்பீரமான கொரலு. என் கையில அவரே கட்டினாரு, ரெண்டு தடவை கட்டினாரு. அய்யா, நான்தான்யா, அந்தக் கோடு வேணாம்னு போட்டதுயான்னு கத்தினேன். கத்தினேன்னுதான் நெனைச்சேன். நாக்கு எழும்பல.

கண்ணு முழிச்சப்ப வலது பக்கம் மொத்தமா மரத்துப் போயிருந்துச்சு. அக்குள்லேர்ந்து ஒரு ரப்பர் குழாய் வெளிய வந்து ஒரு டப்பாவுல முடியுது. டப்பாவுல செவசெவன்னு தண்ணி. எங்க வீட்டுக்காரரு சுவத்துல சாஞ்சு நிக்கிறாரு.

நாலு நாள் கழிச்சு பெரிய டாக்டர் பத்து பேரோட ரவுண்ட்ஸ் வந்தாரு. லேப்லேர்ந்து வந்த தாளை வாங்கிப் பார்த்தாரு. முகமெல்லாம் சிரிப்பு.

"அம்மா, உங்களுக்கு ரொம்ப நல்ல செய்தி. இருபத்திரண்டு முடிச்சு எடுத்திருக்கேன். இருபத்திரண்டும் சுத்தம்! ஒண்ணுல கூட நோய் இல்ல!"

"அது இல்லன்னு முன்னாடியே சொன்னாங்களே டாக்டர். அப்புறம் எதுக்கு எடுத்தீங்க?"

"எடுத்தாத்தானேம்மா எடுக்க வேண்டியதில்லன்னு நிச்சயமா சொல்ல முடியும்?" கூட வந்த சின்ன டாக்டருங்க பக்கம் திரும்பினாரு. "இந்த அம்மாவுக்கு வெட்டற இடத்துல யாரு குறி போட்டது? முப்பது வருஷத்துல இவ்ளோ நேர்த்தியான குறியை நான் பார்த்ததில்ல. கோடு மேலேயே கத்தியை வெச்சேன், நூல் புடிச்ச மாதிரி போச்சு. எல்லாரும் கத்துக்கங்க."

எங்க வீட்டுக்காரரு வெளிய போயிட்டாரு. கக்கூஸ் பக்கத்துல குந்திகினு தலையிலடிச்சுகினு அழுதாராம். எழிலரசிதான் கூட்டியாந்துச்சு.

டாக்டர் சிவசங்கரி மாநாட்டுலேர்ந்து வந்து என் கட்டில்கிட்ட நின்னுச்சு. கையில அங்க குடுத்த கேடயம். எங்க வெக்கறதுன்னு தெரியாம கீழே வெச்சிட்டு, "நான் ஃபைல்ல எழுதினேம்மா, பெரிய எழுத்துல எழுதினேன்"னு திரும்பத் திரும்பச் சொல்லிச்சு. அதும்மேல எனக்குக் கோவம் வரல. புகார் எழுதறேன்னு எழுதிச்சு. புகாரு போற இடம் மாடி. ராஜேஷ் என்னைக் கூப்பிட்டு, நான் மொத நாள் போட்ட கையெழுத்தைக் காட்டினாரு. அப்புறம் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாரு. அக்குள் நீக்கியவர் பட்டியல்ல என் பேரு இருக்குது. நீக்காதவர் பட்டியல்லயும் இருக்குது. பதினோரு கையெழுத்தும் சரியா இருக்குதாம்.

"அந்த ரெண்டாவதுலேர்ந்தாவது என் பேரை எடுத்துடுப்பா."

"முடியாதும்மா. நீங்க நூறாவது ஆளு."

மூணு மாசம் ஓடிச்சு. மாத்திரை சாப்பிடறேன், கரண்ட் வெச்சாச்சு, நோய் இல்லன்னுட்டாங்க. அதுக்கு நான் நன்றி சொல்லாம இல்ல. கை மட்டும் வீங்கிகினே வந்துச்சு. மொதல்ல ரவிக்கைக் கை நுழையல. அப்புறம் மோதிரம் நுழையல. தோளுக்கு மேல தூக்க முடியாது. தறியில உக்கார்ந்து கயிறைப் புடிச்சு நாலு தடவை இழுத்தேன், அஞ்சாவது தடவை கண்ணுல தண்ணி வந்திடுச்சு. எழுந்திரிச்சிட்டேன்.

அப்பதான் வேன் வந்துச்சு. நூறாவது பயனாளி விழாவாம். போக மாட்டேன்னேன். "வராட்டி கை வீக்கத்துக்கு உறை, பயிற்சி எல்லாம் இலவசமா குடுக்கற அட்டையைப் புதுப்பிக்க முடியாதும்மா"ன்னு ராஜேஷ் பணிவா சொன்னாரு. போனேன்.

அதே பந்தல். பேனர்ல என் போட்டோ, போன தடவை ரெண்டாவது முறை எடுத்ததுல நல்லா விழுந்தது. டாக்டர் தசரதன் மைக்கைப் புடிச்சாரு. "நூறு பேர்! நூறு பேருடைய கைகளை நாம காப்பாத்தியிருக்கோம்! அந்த நூறாவது கை, பட்டு நெய்யற கை, இதோ!" என்னைக் கிட்ட கூப்பிட்டு, "கையைத் தூக்கிக் காட்டுங்கம்மா"ன்னாரு.

எடது கையைத் தூக்கினேன்.

"வலது, வலது"ன்னு கேமராக்காரன் கத்தினான்.

நீட்டினேன். தூக்கல, நீட்டத்தான் முடிஞ்சது. டாக்டர் தட்டுலேர்ந்து பச்சைக் கயிறை எடுத்து என் மணிக்கட்டுல சுத்தினாரு. சுத்திப் பார்த்தாரு. ரெண்டு நுனியும் சேரல. இழுத்தாரு, சேரல. ரெண்டு விரல்கடை இடைவெளி. சதைக்குள்ள நைலானு பதியுது, எனக்கு உசிர் போகுது, அவரு சிரிச்சுகினே கேமராவைப் பார்த்துகினு இழுக்கறாரு. முன் வரிசையில கற்பகம் அம்மா தன்னோட உறை போட்ட கையை மடியில ஒளிச்சுகினாங்க.

"டாக்டர், விடுங்க"ன்னேன். மைக்கு கிட்டக்க இருந்துச்சு, எல்லாருக்கும் கேட்டுச்சு. "இது நீங்க காப்பாத்தின கை இல்ல. நீங்க அறுத்த கை."

டாக்டர் என் முகத்தை அப்பதான் மொத தடவையா பார்த்தாரு. கொஞ்ச நேரம், ரெண்டு மூச்சு விடற நேரம். அப்புறம் ராஜேஷ் பக்கம் குனிஞ்சு காதுல ஏதோ சொன்னாரு. ராஜேஷ் குறிச்சுகினாரு. பாட்டு போட்டுட்டாங்க.

காதுல என்ன சொன்னாருன்னு எழிலரசி பின்னால சொல்லிச்சு. அது கமிட்டியில வெச்சு, பதினோரு பேரும் கையெழுத்து போட்டு, தீர்மானமாவே வந்துடுச்சாம்: அடுத்த வருஷத்துலேர்ந்து கயிறை மூணு அங்குலம் நீளமா வெட்டணும்.

வீட்டுக்கு வந்து ரவிக்கை கழட்ட எங்க வீட்டுக்காரருதான் ஒத்தாசை. தெனமும் அந்த நேரத்துல மூஞ்சியைத் திருப்பிக்குவாரு. தழும்புக்கு ரெண்டு பக்கமும் இன்னும் லேசா சிவப்பு இருக்குது. அன்னிக்கு நான் விடல. பாருங்கன்னேன். பார்த்தாரு.

"நான் போடாம இருந்திருக்கணும், அபிதா."

"நீங்க சரியாத்தான் போட்டீங்க"ன்னேன். "கத்தி வெச்சிருந்தவனுக்குத்தான் படிக்கத் தெரியல."

அவரு தறியில போயி உக்கார்ந்தாரு, என் தறியில. நான் எடது பக்கம் உக்கார்ந்து பலகையைத் தள்ளினேன். கயிறை அவரு இழுத்தாரு. புதுப் பாவு, நடுவுல அவரு போட்ட ரெண்டு கோடு வந்துச்சு. அந்த இடம் வந்ததும் ரெண்டு பேருமே கையை நிறுத்திட்டோம்.